பாடம் நடத்தும் நேரத்தை ஆசிரியர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விவகாரம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும், அதற்கு வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் விடாமல் படித்து வருகிறேன். அதில் ஒருவர், ‘மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்குகிறார்கள், ஒரு பரீட்சை எழுதச் சொன்னால் ஏன் இவ்வளவு கூப்பாடு’ என்று கேட்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஊர் டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் இதையேதான் கேட்கிறார்கள். ஆனால் ஆசிரியர்களுக்கு மனசு ஏன் விட்டுப் போயிருக்கிறது என்பதைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பேசினால் பாதிகூடப் புரியாது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்தான், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் அவிநாசிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்தத்திலும் வாத்தியார்கள் நிறைய. தங்கை மகன் தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், அக்காவின் மருமகள் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் டீச்சர். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் பள்ளிக்கூடத்தில்தான் வந்து நிற்கும். முன்பெல்லாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். இப்போது பேசுவது எல்லாம் செயலி, சுற்றறிக்கை, டார்கெட்.

ஓர் ஆசிரியரின் வேலையில் பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம் கணக்குப் பார்க்கிறோம். வருகைப் பதிவு ஏறியதா, போட்டோ ஏறியதா, அட்மிஷன் பிடித்தாரா, ஃபீஸ் பாக்கியைக் கேட்டாரா, ஃபைல் தயாரா. எதைக் கேட்கிறோமோ அதுவே வேலை என்று ஆகிப்போகிறது. பாடம் நடத்த ஆசைப்பட்டு இந்த வேலைக்கு வந்த ஒருவர், பாடம் நடத்த நேரமே இல்லாமல் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவருக்கு என்ன திருப்தி இருக்கும்?

காலையில் பள்ளியில் நடப்பதைச் சொல்கிறேன். பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போனதும் முதல் வேலை செல்போனில் செயலியைத் திறந்து வருகையைப் போடுவது. எங்கள் பள்ளியில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் வேப்ப மரத்தடி மட்டும். டீச்சர்கள் ஒவ்வொருவராக அங்கே போய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், வகுப்பில் பிள்ளைகள் சத்தம் மரத்தடி வரைக்கும் கேட்கும். அது முடிந்தால் காலை உணவு எத்தனை பேர், மதியம் எத்தனை பேர், ஆதார் திருத்தம், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண், உயரம் எடை, நோட்டு, பை, செருப்பு வந்தது எத்தனை, கொடுத்தது எத்தனை, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், மன்றச் செயல்பாடு, கலைத்திருவிழாவுக்குப் பெயர்ப் பதிவு. ‘மாலை நாலு மணிக்குள் அனுப்பவும், மிக அவசரம்’ என்று குழுவில் தகவல் வந்து விழும்போதே மணி மூன்றைத் தாண்டியிருக்கும். தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைப் பள்ளிக்கும் கிளர்க் கிடையாது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மிச்சம் இருக்கும் ஒருவர்தான் ஐந்து வகுப்புக்கும் டீச்சர், தலைமையாசிரியர், எழுத்தர், அத்தனையும். தாளவாடி, பர்கூர், கொல்லிமலை என்று மலைப் பக்கம் இருக்கும் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலைக்கென்று நடுநிலைப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களுக்கு ஆட்களைப் போட்டார்கள், அது கொஞ்சம் கைகொடுத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொடக்கப் பள்ளிகளில் இன்னமும் வாத்தியார் கைதான் ஓய்வில்லாமல் போனில் இருக்கிறது.

திட்டங்களை நான் குறை சொல்லவில்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அருமையான திட்டம். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் விடிகாலை ஷிஃப்ட் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்கே சுருண்டு படுத்ததை நான் வருசக்கணக்கில் பார்த்திருக்கிறேன், அது இப்போது இல்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நோக்கமும் நல்லது. கொரோனாவில் விட்டுப்போனதை ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்குமான பிள்ளைகளுக்குச் சேர்த்துப் பிடிக்கத்தான் கொண்டுவந்தார்கள். நல்ல திட்டத்தைக்கூடக் கணக்குக் காட்டும் வேலையாக மாற்றிவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்குத் துணிக்குச் சாயம் போடும் டையிங்கில் வேலை, அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். பெண்ணை மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். தமிழ் ஒரு சொல் தெரியாது. சேர்த்த புதிதில் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கும். எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர் மதியச் சாப்பாடு முடிந்த பிறகு அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தட்டு, தம்ளர், தண்ணீர், வாழைப்பழம் என்று கையில் எடுத்துக் காட்டிச் சொல்லிக் கொடுப்பார். அந்தப் பெண் ஒடியாவில் என்ன பெயர் என்று சொல்ல, டீச்சரும் அதைத் திருப்பிச் சொல்லுவார், இரண்டு பேரும் சிரிப்பார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது சத்துணவுக் கூடச் சுவரில் எழுதியிருந்த உணவுப் பட்டியலில் விரலை வைத்து, ‘மு... ட்... டை’ என்று அந்தப் பிள்ளை தானாகவே வாசித்துவிட்டது. டீச்சர் என் அறைக்கு ஓடி வந்தார். ‘மேடம், வாசிச்சுட்டாளுங்க, யாரும் சொல்லித் தரலீங்க, அவளாவே வாசிச்சுட்டாளுங்க’ என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வரை அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். இந்த வேலையில் இருக்கிற சந்தோசம் என்று சொன்னால் அதுதானுங்க.

ஆனால் எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டில் அந்தப் பிள்ளை அப்போதும் ‘அரும்பு’ நிலைதான். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படி, அதில் முதல் படி. அடுத்த முறை வட்டார வள மையக் கூட்டத்தில், மூன்றாம் வகுப்பில் ஏன் இத்தனை அரும்பு என்று அதே டீச்சரை எல்லோர் முன்னாலும் எழுப்பிவிட்டுக் கேட்டார்கள். தமிழே தெரியாமல் வந்த பிள்ளை ஒரு சொல்லைத் தானாக வாசித்தது என்று எழுதச் செயலியில் இடமில்லை. திருப்பூர், பல்லடம், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் பள்ளிகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாப் பிள்ளைகள் வருசா வருசம் கூடிக்கொண்டே போகிறார்கள். இவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும், பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். அந்த டீச்சர் கூட்டம் முடிந்து வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ‘எல்லாருக்கும் மொட்டுன்னு போட்டுட்டா யாருங்க மேடம் கேக்கப் போறாங்க?’ அவர் அப்படிப் போடவில்லை. ஆனால் அப்படிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் டீக்கடைக் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், வேலை செய்யாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வட்டிக்கு விடுபவர், இடம் வாங்கி விற்பவர், பாட வேளையில் போனில் சீட்டுக் கம்பெனி நடத்துபவர், எல்லோரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நாம் இப்போது வைத்திருக்கும் கண்காணிப்பில் இவர்கள் ஒருநாளும் மாட்ட மாட்டார்கள். அவர்கள்தான் எல்லாப் பதிவையும் நேரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள், நூற்றுக்கு நூறு காட்டுகிறார்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததால் பதிவு தாமதமானவருக்குத்தான் விளக்கம் கேட்டு மெமோ வருகிறது. நல்லவருக்குத் தண்டனை, சும்மா இருப்பவருக்குச் சபாஷ் என்றால் எத்தனை வருசத்துக்கு ஒருவர் நல்லவராகவே இருப்பார்?

சரி, டெட் விசயம். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேர்ச்சி பெற வேண்டும், ஓய்வுக்கு ஐந்து வருசத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருசத்துக்குள் தேர்ச்சி பெறாவிட்டால் வேலையில் தொடர முடியாது என்றது. ஐந்து வருசத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. இந்தத் தேர்வை, ஆசிரியர் கல்வியைக் கவனிக்கும் தேசிய அமைப்பான என்சிடிஇ கொண்டுவந்ததே 2010 ஆகஸ்டில்தான். 1998-இலோ 2004-இலோ அன்றைக்கு அரசு கேட்ட படிப்பைப் படித்து, அரசு வைத்த முறைப்படி வேலைக்கு வந்தவர்கள் என்ன தவறு செய்தார்கள்? ‘ஒரு பரீட்சைதானே’ என்று சொல்லும் வாசகர் ஒன்றை யோசிக்க வேண்டும். இது தோற்றால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று சும்மா இருக்கும் பரீட்சை இல்லை, தோற்றால் வேலை போகிற பரீட்சை. ஐம்பது வயதில், வீட்டுக் கடனும் மகளின் கல்லூரிப் படிப்பும் தலைமேல் இருக்கும்போது, இருபத்தைந்து வருசம் இரண்டாம் வகுப்புக்கு மட்டும் பாடம் எடுத்த ஒரு டீச்சர் 150 மதிப்பெண்ணுக்கு உளவியலும் கணக்கும் அறிவியலும் ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார். பகலில் அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் முழுசாகக் கிடைப்பாரா? மத்திய அரசு நினைத்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைத் திருத்திப் பழையவர்களுக்கு விலக்குக் கொடுக்கலாம். 2017-இல் ஒரு முறை அதே பிரிவைத் திருத்தி 2019 மார்ச் வரை அவகாசம் கொடுத்தவர்கள்தானே.

இதோடு சேர்ந்து பதவி உயர்வும் முடங்கிப்போனது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பதவி உயர்வுக்கு டெட் வேண்டும் என்று சொன்னதிலிருந்து வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போனதில் எத்தனையோ நடுநிலைப் பள்ளிகள் பொறுப்புத் தலைமையாசிரியரை வைத்தே ஓடின. அந்த வருசம் டிசம்பரில் அரசாணை 243 வந்து பதவி உயர்வுக்கு ஒன்றிய அளவில் பார்த்த பணிமூப்பு முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியது. கோபியிலோ தாராபுரத்திலோ குடும்பத்தை வைத்திருக்கும் பெண்கள் பதவி உயர்வு வந்தால் எந்த மாவட்டத்துக்கோ என்று பயந்தே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் நிலை. அப்புறம் 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த, தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்கள். அதற்கு முந்தின நாள் வரை சேர்ந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370, ஒரு நாள் தள்ளிச் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, பக்கத்துப் பக்கத்து வகுப்பு, ஒரே வேலை. ஓவியம், உடற்கல்வி, தையல் சொல்லிக் கொடுக்க 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் நிரந்தரம் கேட்டுக் கேட்டே வயதாகிப் போனார்கள். லட்ச ரூபாய் என்று பேசும்போது இவர்கள் யாரும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தனியார் பள்ளிக்கு வருவோம். நம் கொங்குப் பகுதியைப் போலத் தனியார் பள்ளிகள் நிறைந்த இடம் தமிழ்நாட்டில் குறைவு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றால் ஒரு காலத்தில் பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குத் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. மாநில ரேங்க் வெளியிடுவதை 2017-இல், எங்கள் கோபிக்காரர் செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறுத்தினார்கள், நல்ல முடிவு. ஆனால் ஃபிளெக்ஸ் நிற்கவில்லை. மதிப்பெண்ணோடு பிள்ளைகளின் படம், தாளாளரின் படம், பள்ளியின் பெயர். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த டீச்சரின் பெயரை நான் எந்த ஃபிளெக்ஸிலும் பார்த்ததில்லை. என் அக்காவின் மருமகள் எம்.எஸ்சி., பி.எட். படித்தவள். வாங்கும் சம்பளம் இங்கே தறியில் வேலை செய்பவர் வாங்குவதைவிடக் குறைவு. விடுதிப் பிள்ளைகளுக்கு விடிகாலை ஸ்டடி, பகலில் வகுப்பு, ராத்திரி மறுபடியும் ஸ்டடி. வேன் டூட்டி தனி. ஃபீஸ் பாக்கி இருக்கும் பெற்றோருக்கு வகுப்பு ஆசிரியைதான் போன் செய்து கேட்க வேண்டும், வசூல் ஆகாவிட்டால் முதல்வர் அறையில் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். பெற்றோர் போனில் கத்துவதும் அவளிடம்தான். காலையில் பணம் கேட்டு போன் செய்த அதே பிள்ளையின் முகத்தைப் பார்த்து மத்தியானம் வேதியியல் எடுப்பது எவ்வளவு கூச்சமாக இருக்கிறது தெரியுங்களா சின்னம்மா என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கோடை விடுமுறையில் வீடு வீடாக அட்மிஷன் கேட்டுப் போவதும் உண்டு. மே மாதச் சம்பளம் உண்டா என்பது பள்ளியைப் பொறுத்தது.

கல்லூரியில் இதே கதை, தொகை மட்டும் பெரிது. தங்கை மகன் பிஎச்.டி. முடித்தவன், மெக்கானிக்கல். 2018-இல், பொறியியல் கல்லூரிகளுக்கு விதி வகுக்கும் ஏஐசிடிஇ ஒரு ஆசிரியருக்கு 15 மாணவர் என்று இருந்ததை 20 என்று மாற்றியபோதே அவன் துறையில் பலர் வெளியே போனார்கள், அதோடு எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்க ஆரம்பித்ததும் மிச்சம் இருந்தவர்களுக்கும் நிம்மதி போனது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு அவனுக்கு ஒரு பட்டியல் வரும், ஊர் பெயரும் மாணவர்களின் போன் நம்பரும். இத்தனை சீட் பிடித்தால்தான் இன்கிரிமென்ட். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறான், தெர்மோடைனமிக்ஸ் நடத்த வேண்டியவன். வேலையை விட்டுப் போகலாம் என்றால் ஒரிஜினல் சர்டிபிகேட் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் மாதக்கணக்கில் ராத்திரி பத்து மணி வரை ஃபைல். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டதே, ஒரே பேராசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் இருந்த விவகாரம், அதைப் படித்து எல்லோரும் அதிர்ச்சியானார்கள். வகுப்பில் நிஜமாக ஆள் நின்று பாடம் நடத்துகிறாரா என்று பார்க்காமல் காகிதத்தில் எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்த்தால் அதுதான் நடக்கும்.

அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றியும் ஒரு வரி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்றது. இங்கே அதில் பாதியைத் தொடுவதற்கே போராட வேண்டியிருந்தது, அதுவும் வருசத்துக்குப் பதினொரு மாதம்தான். உதவிப் பேராசிரியர் 4,000 இடத்துக்கு 2024-இல் அறிவிப்பு வந்தது, தேர்வோ தள்ளித் தள்ளிப் போனது. நாற்பது வயது தாண்டிய முனைவர்கள், மே மாதம் மட்டும் வேறு ஏதாவது வேலை கிடைக்குமா என்று தேடுகிறார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இவற்றைத் தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. தேர்தல் வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொடுக்கப் போன டீச்சர், ராத்திரி அதைச் செல்போனில் ஏற்றிவிட்டு மறுநாள் வகுப்புக்கு வந்த நிலையை நேரில் பார்த்தேன். அந்த நாட்களில் அவர் வகுப்புக்கு ஒரு மாற்று ஆளையாவது அனுப்பியிருக்க வேண்டும். நான்கைந்து தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு எழுத்தரைப் போடுங்கள், பதிவு வேலை முழுவதும் அவர் கைக்குப் போகட்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு பாட வேளை முழுக்க வகுப்பின் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கட்டும், யார் நடத்துகிறார், யார் நடத்தவில்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எனக்கு வேலை கிடைத்த புதிதில் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர்கள் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளைகளிடம் அவர்களே கேள்வி கேட்பார்கள், எனக்கு எது வரவில்லை என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் மரியாதையாகவும் இருந்தது. தனியார் கல்லூரிகளில் சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பதை ஏஐசிடிஇயும் பல்கலைக்கழகமும் திடீர் சோதனை போட்டு நிறுத்த வேண்டும், புகார் கொடுப்பவரின் பெயர் வெளியே வராமல்.

பெற்றோருக்கும் ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவரே ஒரு பெற்றோர்தான். கூட்டத்துக்கு வாருங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். இந்த மாதம் எங்கள் டீச்சர் எத்தனை நாள் வகுப்பில் இருந்தார், எத்தனை நாள் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார் என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். டீச்சர் சொன்னால் மேலே யாரும் கேட்பதில்லை, நீங்கள் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் நிருபர்களுக்கும் ஒரு கோரிக்கை. ரிசல்ட் வரும் நாளிலும் பள்ளி திறக்கும் நாளிலும் கேமராவோடு வருகிறார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஏதாவது ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு ஒன்பது மணிக்குப் போய் நாலு மணி வரை இருந்து, அந்த ஆசிரியர் எத்தனை நிமிடம் பாடம் நடத்தினார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வந்து அப்படியே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.